ஐபிவி6: ஆளுக்கொரு டன்னலா, ஆபரேட்டரிடம் கேட்டு வாங்குவதா?

தோப்புக்காரன் (வேலந்தாவளம்):
எங்கள் ஊர் கேபிள் இணைப்பில் பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4 மட்டும்தான், முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய ஐபிவி6 இல்லை. அதுவும் சொந்த முகவரி கிடையாது, ரவுட்டரில் 100.64 என்று தொடங்குகிறது, பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு முகவரி. தோப்புக் கேமராவை வெளியூரிலிருந்து நேராகத் திறக்க முடியாது. வெளியே ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற மென்பொருளின் டன்னலுக்குள் ஐபிவி6 பாக்கெட்டுகளை அனுப்புகிறேன், அதாவது ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து. வழியில் இருக்கும் பழைய நெட்வொர்க்குக்கு அது வெறும் சாதாரண யுடிபி பாக்கெட். ஆபரேட்டருக்காகக் காத்திருக்காமல் எல்லாரும் இப்படிச் செய்யலாம்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்:
அண்ணா, உங்கள் கேமராவுக்குச் சரி. ‘எல்லாரும்’ என்பதை ஏற்க மாட்டேன். 2001இல் வந்த 6டு4 என்ற டன்னல் முறை இதே ஆசையில் பிறந்ததுதான். 192.88.99.1 என்ற முகவரிக்கு அனுப்பினால் பக்கத்து ரிலே (இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் ரவுட்டர்) எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அந்த ரிலேயை யார் நடத்துகிறார், அது வேலை செய்கிறதா என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி வேறு. பல ஃபயர்வால்கள் அந்த டன்னல் பாக்கெட்டுகளின் அடையாள எண்ணான புரோட்டோகால் 41ஐ அப்படியே தடுத்தன. பக்கம் திறக்கவில்லை என்று ஜனங்கள் ஐபிவி6ஐயே அணைத்து வைத்தார்கள். 2015இல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அந்த ரிலே முறையைக் கைவிட்டது.

தோப்புக்காரன்:
என் டன்னலில் இரண்டு முனையும் என் கையில் இருக்கிறதே! பிரான்சில் ஃப்ரீ என்ற இணைய நிறுவனம் 2007இல் 6ஆர்டி என்ற முறையை வைத்து ஐந்தே வாரத்தில் ஐபிவி6 கொடுத்தது. அதுவும் பழைய ஐபிவி4 மேல் ஓடிய டன்னல்தான்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்:
அதைச் செய்தது ஆபரேட்டர். தன் நெட்வொர்க்குக்குள், தன் முகவரித் தொகுதியை வைத்து, தன் ரிலே வழியாக. நான் கேட்பதும் அதையேதான்.

மீனாட்சிபுரம்:
நடுவில் ஒரு சந்தேகம். நானும் வயர்கார்டு போட்டிருக்கிறேன். பிங் போகிறது, சின்னப் பக்கங்கள் வருகின்றன, பெரியது பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை கேபிள்:
எம்டியு பாருங்க, ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு அது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற பிபிபிஓஇ லைனில் 1500க்குப் பதில் 1492 பைட்தான் கொள்ளும். ஐபிவி4 வழியே போகும் வயர்கார்டு அதில் 60 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1432. ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டு போடாது. ‘பெரிதாக இருக்கிறது’ என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்புச் செய்தி விடும். பாதுகாப்பு என்ற பெயரில் யாராவது ஐசிஎம்பியை முழுக்க அடைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அனுப்பியவர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார். டன்னல் எம்டியுவை 1280 ஆக வையுங்கள். ஐபிவி6 ஓடும் எந்த லைனும் அந்த அளவைத் தாங்கியே ஆகவேண்டும்.

மீனாட்சிபுரம்:
1280 வைத்ததும் சரியாகிவிட்டது. நன்றிங்க.

கொழிஞ்சாம்பாறை கேபிள்:
பார்த்தீங்களா அண்ணா? இந்தக் கணக்கை வீட்டுக்கு வீடு தெரிந்து வைத்திருக்க முடியுமா? டன்னல் போடத் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டால், ‘ஐபிவி6 யாரும் கேட்கவில்லை’ என்று ஆபரேட்டர் சொல்லிவிடுவார். தெரியாதவர்களுக்கு என்றைக்கும் கிடைக்காது.

தோப்புக்காரன்:
அது நியாயம்தான், எழுதிக் கேட்கிறேன். ஆனால் தேங்காய் களவு போவது ஆபரேட்டரின் பதிலுக்காகக் காத்திருக்காது தம்பி. நேரடி இணைப்பு வரும்வரை டன்னல் ஓடும், கேட்பவர்களுக்குப் போட்டும் கொடுப்பேன்.

கொழிஞ்சாம்பாறை கேபிள்:
போட்டுக் கொடுங்கள், கூடவே அவர்களிடமும் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். கேட்கும்போது /56 என்று கேளுங்கள், பல நெட்வொர்க்காகப் பிரிக்கக்கூடிய முகவரித் தொகுதி அது. ஒரே நெட்வொர்க்குக்கான /64 ஒன்று மட்டும் வந்தால் கேமராவையும் வீட்டு போன்களையும் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்க முடியாது.