மறு: ‘சுகாதார ஏற்றத்தாழ்வு’ சரியான சொல்லா?

வணக்கம்.

ஒரே ஊருக்குள் சில பிரிவினரை மட்டும் நோய் அதிகமாக வாட்டும் நிலைக்குச் செய்தியில் எழுதத் தக்க சொல் கேட்டிருந்தீர்கள்.

‘சுகாதார ஏற்றத்தாழ்வு’ எனக்கு ஒட்டவில்லை. சுகாதார அமைச்சு என்று சொல்லிப் பழகிவிட்டோம், சரி. ஆனால் ‘சுகாதாரமற்ற’ என்றவுடன் அழுக்குதானே நினைவுக்கு வருகிறது? 2020இல் நம் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் கொவிட்-19 பரவி, ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரைத் தொற்றியது. ஒரே அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டியிருந்தது. அதை இந்தச் சொல்லால் எழுதினால் பழி அவர்கள் மேல் விழும்.

‘வேறுபாடு’ இன்னும் மோசம். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடம் 17.2, மலாய்க்காரர்களிடம் 16.6, சீனர்களிடம் 9.7 விழுக்காடு. மரபுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வேறுபாடு என்று எழுதிவிட்டால் எல்லாமே பிறவியில் வந்தது போல ஆகிவிடும். அப்புறம் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் அத்தைக்கு நீரிழிவு. இரவு நேரத் துப்புரவு வேலை. “மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணுமாம். எனக்கு ஓய்வு கிடைக்கிறதே விடிகாலை மூணு மணிக்குத்தான்” என்பார். இது போன்ற ஒரு வரி இல்லாமல் 17.2ஐ மட்டும் அச்சிட்டால், வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்றே படிப்பவர் நினைப்பார். அத்தையை மட்டும் எழுதினாலோ, ஏதோ ஒரு வீட்டுப் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அதனால் ‘உடல்நல இடைவெளி’ என்கிறேன். இடைவெளி என்றாலே இரு கரை உண்டு. அதன் அகலத்தை எண் சொல்லும், அது எப்படி விழுந்தது என்பதை அதில் அகப்பட்டவர் சொல்ல வேண்டும். கூடும், குறையும், அடைபடும் என்று வினையும் எளிதாகச் சேர்கிறது. ‘நலவிடைவெளி’ என்று சேர்த்தெழுத வேண்டாம், வானொலியில் வாசிப்பவர் திணறுவார்.

கூடவே இன்னொரு சொல். பாதிக்கப்பட்டவர் தம் வாயால் சொல்வதைப் ‘பேட்டி’ என்கிறோம். அது அமைச்சருக்கும் நடிகருக்கும் பொது. அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பேசுபவரைக் குறிக்கும் வழக்கம் நமக்கு உண்டே. ‘பட்டவர் கூற்று’ என்று வைத்துக்கொள்ளலாமா? புள்ளிவிவரக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு இடத்தில் அதை அச்சிட வேண்டும். அத்தையின் வரிக்கு மேல் நான் இப்படி எழுதுவேன்: இரவு வேலைத் துப்புரவு ஊழியர் கூற்று.