ரால்ஸ்டனின் 1942 ராஜினாமா கடிதம் 1944-ல் எப்படிச் செல்லுபடியானது?

கேள்வி:
கனடாவின் பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டனைப் பிரதமர் மெக்கென்சி கிங் 1944 நவம்பர் 1-ம் தேதி வீட்டுக்கு அனுப்பியபோது காட்டியது, அவர் 1942-ல் கொடுத்த ராஜினாமாவை. இரண்டு வருஷப் பழைய கடிதம் எப்படிச் செல்லும்? பொது வாக்கெடுப்பில்தான் மக்கள் கட்டாய ஆள்சேர்ப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டார்களே?

பதில் 1:
1942 ஏப்ரல் 27-ல் நடந்த அந்த வாக்கெடுப்பில் "கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா" என்று கேட்கவில்லை. கட்டாயப்படுத்தி யாரையும் கடல் கடந்து போருக்கு அனுப்பமாட்டோம் என்ற பழைய வாக்குறுதியிலிருந்து அரசை விடுவிக்கிறீர்களா என்றுதான் கேட்டார்கள். நாடு முழுக்க சுமார் 64% ஆம். பிரெஞ்சு பேசுவோர் அதிகமுள்ள கியூபெக் மாகாணத்தில் சுமார் 72% இல்லை. பிறகு, கட்டாயமாகச் சேர்த்தவர்களைக் கடல் கடந்து அனுப்பத் தடையாக இருந்த சட்டப்பிரிவை நீக்கினார்கள். ஐரோப்பாவுக்கு மட்டும் யாரையும் அனுப்பவில்லை. அனுப்புமுன் மறுபடி நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று கிங் சொல்ல, ஜூலையில் ரால்ஸ்டன் கடிதத்தை நீட்டினார். கிங் ஏற்கவில்லை, திருப்பியும் தரவில்லை. ரால்ஸ்டனும் முறைப்படி வாபஸ் வாங்கவில்லை. கோட்டை விட்டது அங்கேதான். கடிதம் இல்லாவிட்டாலும் பிரதமர் அவரை விலகச் சொல்லலாம். இருந்ததால் "நான் நீக்கவில்லை, அவரே விலகினார்" என்று காட்ட முடிந்தது. ரால்ஸ்டன் கைகுலுக்கிவிட்டு வெளியேறினார். கூடவே யாரும் எழுந்து போகவில்லை.

பதில் 2:
ரால்ஸ்டனை வெறும் பிடிவாதக்காரராகப் பார்ப்பது நியாயமில்லை. முதல் உலகப்போரில் 85-வது பட்டாலியனை நடத்தியவர். 1944-ல் ஐரோப்பா போய் நேரில் பார்த்துவிட்டுத்தான் பேசினார். படையில் மொத்தத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, காலாட்படையில்தான் பஞ்சம். இழப்பு மதிப்பீட்டில் காலாட்படையின் பங்கைக் குறைத்துப் போட்டிருந்தார்கள். நார்மண்டியில் அந்தக் கணக்கு பொய்த்தது. ஐரோப்பாவுக்கு அனுப்ப அவர் கேட்டது 15,000 பேர். 'ஸோம்பி' என்று மக்கள் ஏசிய கட்டாயப் படையினர் சுமார் 60,000 பேர் உள்நாட்டிலேயே இருந்தார்கள்.

பதில் 3:
அடுத்துப் பாதுகாப்பு அமைச்சராக வந்த மெக்நாட்டன், விரும்பி வருபவர்களை வைத்தே சமாளிக்கலாம் என்று நம்பினார். மூன்று வாரம் தாங்கவில்லை. நவம்பர் 22-ல் கிங் மனம் மாறினார். கட்டாயப் படையினரில் 16,000 பேரை அனுப்ப உத்தரவு. அதை எதிர்த்து விமானப்படை அமைச்சர் பவர் ராஜினாமா செய்தார். சுமார் 13,000 பேர் கடல் கடந்தார்கள். போர்முனைப் பிரிவுகளில் சேர்ந்தது 2,463 பேர்தான். மெக்நாட்டன் 1945 பிப்ரவரியில் கிரே நார்த் இடைத்தேர்தலில் தோற்றார்.

கிங் ஏன் அவ்வளவு இழுத்தடித்தார் என்பதற்கு 1917-ஐப் பாருங்கள். கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்த லிபரல் கட்சித் தலைவர் லோரியே பக்கம் நின்று தேர்தலில் தோற்றார். அந்த விசுவாசத்துக்காகத்தான் 1919-ல் நடந்த கட்சித் தலைமைத் தேர்தலில் கியூபெக் பிரதிநிதிகள் அவர் பின்னால் திரண்டார்கள். 1944-லும் கியூபெக்கைச் சேர்ந்த அமைச்சர் செயின்ட் லோரான் விலகாமல் கூடவே நின்றார். அவர் போயிருந்தால் அரசு நிலைத்திருக்காது என்பது என் கணிப்பு. 1948-ல் கிங்குக்குப் பின் பிரதமரானவரும் அவர்தான்.