1973 புல்லட்டை மலைப்பாதை வண்டியாக மாற்றுவது சரியா?

நீலமலை:
கோத்தகிரிக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் மூன்று கிலோமீட்டர் பாதையில் பாதிக்குத் தார் கிடையாது; மழைக்காலத்தில் சேறும் உருண்டைக் கற்களும்தான் பாதை. என் தந்தையார் 1973-இல் வாங்கிய 350 சி.சி. புல்லட் ஆறு ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் இறுகிப்போகவில்லை, கிக்கரை மிதித்தால் அமுக்கம் நன்றாகவே இருக்கிறது. ஹெட்லைட் டூமைக் கழற்றிவிட்டுச் சிறிய விளக்கு, குறுக்குக் கம்பி வைத்த அகன்ற ஹேண்டில் பார், வலப்புறம் மேலே தூக்கிய சைலன்சர், இரு சக்கரங்களுக்கும் மண்ணைப் பற்றும் கட்டைப் பற்கள் கொண்ட பட்டன் டயர், இரண்டு அங்குலம் உயரமான பின் ஷாக் அப்சார்பர், அறுத்துக் குறுக்கிய பின் ஃபிரேம் வளையம் ஆகியவற்றோடு இதை மண்பாதைக்கேற்ற ஸ்கிராம்ப்ளர் பாணியில் கட்டலாம் என்று எண்ணுகிறேன். மறுப்புச் சொல்ல விரும்புவோர் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரும்பு பேரல்:
காரணத்தோடு மறுக்கிறேன். நீங்கள் முதலில் கழற்றப்போவதாகச் சொல்லும் டூம் வெறும் விளக்குக் கூடு அல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலை 1954-இல் அதைக் கொண்டுவந்தபோது, முன் ஃபோர்க் குழாய்கள் இரண்டும் அதன் உள்ளேயே மரை ஏறி நிற்கும்படி, ஃபோர்க்கின் மேற்பிடியும் விளக்கும் ஸ்பீடோமீட்டரும் அம்மீட்டரும் ஒரே வார்ப்பில் அமையும்படி வடிவமைத்தது. அதை எடுத்தால் ஃபோர்க்கைப் பிடித்து நிற்க வேறு மேற்பிடியை லேத்தில் கடைந்து செய்தாக வேண்டும். டூமின் இருபுறமும் கண் சிமிட்டுகிற அந்த இரண்டு சிறு விளக்குகளைப் பார்த்துத்தான் தெருமுனையில் வருவது புல்லட் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் சொன்னார்கள். அது தனிக் கதை.

மேலும், 2021-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் காணாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவைத் தந்திருக்கிறது. உங்கள் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. வளையத்தில் ரம்பம் பட்ட நாளில் அந்தத் தகுதி போய்விடும்.

மேட்டுப்பாதை:
மூல வடிவம் என்று எந்த நாளைச் சொல்கிறீர்கள்? பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டின் முன்மாதிரிகள் உலக அளவில் பெயர் வாங்கியது ஷோரூமில் அல்ல. 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில், கல்லும் மண்ணுமான பாதையில்தான். பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்ற அந்த ஆண்டில் புல்லட்டில் சென்ற விக் பிரிட்டன், சார்லி ராஜர்ஸ் இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். விக்கின் மகன் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் டிரையல் போட்டியை ராயல் என்ஃபீல்டில் வென்றார். சென்னைக்கு இந்த வண்டி வந்து சேர்ந்ததே 1950-களில் ராணுவம் எல்லைக் காவலுக்குக் கேட்டதால்தான். ஆகவே நீலமலை செய்ய நினைப்பது பாவமில்லை. வண்டியைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது.

இரும்பு பேரல்:
ஜானி பிரிட்டன் ஓட்டியது, போட்டிக்கென்றே ஆலை தயாரித்துக் கொடுத்த வண்டி. கடையில் வாங்கியதைக் கொட்டகையில் வைத்து அறுத்தெடுத்த வண்டி அல்ல. டிரையல் என்பது கால் ஊன்றாமல் பாறையில் நகரும் கலை. அதற்கும், கரடுமுரடாகத் தோற்றமளிக்கும் வண்டியைப் படம் பிடித்துப் போடுவதற்கும் தொடர்பில்லை. அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் நிறுவனமே 2019-இல் தூக்கிய சைலன்சரும் பட்டன் டயருமாக ‘புல்லட் டிரையல்ஸ்’ விற்றது. பழைய கைமாற்றாகத் தேடி வாங்கலாம். உண்மையாகவே மண்பாதைக்கு வேண்டுமென்றால் 2016 முதல் அதே நிறுவனத்தின் ஹிமாலயன் இருக்கிறது. 1973-இன் புல்லட்டை யாரும் மறுபடி செய்து தரப்போவதில்லை.

மேட்டுப்பாதை:
கொட்டகையில் ஆறு ஆண்டுகள் நின்றது மட்டும் பாதுகாப்பா? துருவுக்கு மூல வடிவம் தெரியாது.

பட்டறைக்காரர்:
முப்பது ஆண்டுகளாக, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த இந்த இரும்பு பேரல் எஞ்சின்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். இருவரும் வண்டியின் மானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். வண்டியின் உடம்பைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

புல்லட்டின் ஃபிரேமில் எஞ்சினுக்குக் கீழே தொட்டில் கிடையாது. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன்புறத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சினே ஃபிரேமின் ஒரு பகுதியாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. அதாவது, தோட்டப் பாதையில் துள்ளும் கல் நேராக எஞ்சினின் கீழ்க்கூடான அலுமினிய கிராங்க் கேஸின் அடியில்தான் அடிக்கும், ஆயிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. சைலன்சரைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசிக்கும் முன், எஞ்சின் போல்டுகளிலேயே மாட்டக்கூடிய நல்ல கனமான அடித்தகடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதிய திட்டத்தில் அது மட்டும்தான் விடுபட்டிருக்கிறது, அது மட்டும்தான் உண்மையில் தேவை.

வளையத்தை அறுப்பதில் இருக்கும் வில்லங்கத்தை விட, அறுத்த இடத்தில் புதுக் குழாயைப் பற்றவைப்பதில் இருப்பது பெரிது. பழைய ஃபிரேம்களில் பித்தளைப் பற்றால் சேர்த்த மூட்டுகள் உண்டு. பித்தளை படிந்த இடத்தில் ஆர்க் வெல்டிங் வைத்தால், உருகிய பித்தளை சூடேறிய இரும்புக்குள் ஊடுருவி, மேலே மீன் செதில் போல அழகாகத் தெரியும் பற்று உள்ளே விரிசலாகிவிடும். அப்படி முறிந்த ஒரு ஃபிரேமை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உடைந்த முகத்தில் மஞ்சள் கோடு தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு அங்குலம் உயரமான ஷாக் போட்டால் பின்பக்கம் மட்டும் எழும்பி, ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். செயின் கீழ்நோக்கிய கோணத்தில் ஓடி ஸ்விங் ஆர்மை உரச வாய்ப்புண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையை விட்டு எழாது. ஒரு அங்குலத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். டயர் விஷயத்தில், இரு பக்கமும் 19 அங்குல ரிம் என்பது மண்பாதைக்கு நல்ல வரம். ஆனால் பின்னால் போடக்கூடிய பட்டன் டயர் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 18 அங்குலத்தில்தான். அதே ஹப்பில் 18 அங்குல ரிம்மைக் கம்பி கோத்துக்கொண்டு, பழைய ரிம்மை எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் ஈரத் தாரில் பட்டன் டயர் வழுக்கும் என்பதையும், உங்களிடம் இருப்பது டிரம் பிரேக் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேற்றில் மெதுவாக இழுக்க வேண்டுமானால் செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். கிளட்ச்சைக் கழற்றினால்தான் அது கைக்கு வரும், ஒரு நாள் வேலை. ஆனால் வேறு எந்த மாற்றத்தை விடவும் உங்கள் பாதையில் அதுதான் தெரியும்.

இரும்பு பேரல்:
டூமைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே ஐயா.

பட்டறைக்காரர்:
வேண்டாம் என்பதே என் கருத்து. மேற்பிடி கடைவது முடியாத காரியம் அல்ல. ஆனால் அதை யார் கடைந்தார், எந்த உலோகத்தில் கடைந்தார் என்பதில்தான் ஓட்டுபவரின் பற்கள் அடங்கியிருக்கின்றன. டூமை வைத்துக்கொண்டே அகன்ற ஹேண்டில் பார் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆவணப்பெட்டி:
சட்டப்பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஃபிரேமை அறுப்பது இதில் நேராக மாட்டும். இரும்பு பேரல் சொன்ன வி.ஏ. பதிவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்குப் போக முடியாது. ஆகவே அந்தப் பதிவு நீலமலைக்குப் பயன்படுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மேட்டுப்பாதை:
பார்த்தீர்களா, மூல வடிவத்தைக் காப்பாற்றினால் பரிசாகக் கிடைப்பது ஓட்டாமல் இருக்கும் உரிமை.

இரும்பு பேரல்:
சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு மூல வடிவிலேயே ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் நண்பரே. நானும் ஓட்டுகிறேன், மழையிலும் ஓட்டுகிறேன். மூல வடிவம் என்றால் கண்ணாடிப் பெட்டி என்று நான் எங்கும் சொல்லவில்லை.

நீலமலை:
அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு சோதனை செய்தேன். தூக்கிய சைலன்சர் போகும் வழியில், வலப்புறத்தில், துணி சுற்றும் தடித்த அட்டைக் குழாயைக் கம்பியால் கட்டிவிட்டு, வழக்கம்போல எஞ்சினின் அமுக்கத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் நெம்பைப் பிடித்து, கிக்கரை இருபது முறை மிதித்துப் பார்த்தேன். பதினொரு முறை முழங்காலின் உட்புறம் குழாயில் இடித்தது. கியர், கிக்கர், சைலன்சர் மூன்றும் ஒரே பக்கம் இருக்கும் வண்டியில் சூடான இரும்பை அந்த உயரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அட்டையே சொல்லிவிட்டது. குழாயை நான்கு அங்குலம் கீழே இறக்கியபோது இடிக்கவில்லை. முனையை மட்டும் சற்று மேலே தூக்கினால் போதும் போலிருக்கிறது.

டூமைத் தொடப்போவதில்லை, வளையத்தை அறுக்கப்போவதில்லை. அடித்தகடு, ஒரு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட், பின்னால் 18 அங்குல ரிம்மில் பட்டன் டயர், ஒற்றை இருக்கை, உயர்த்திய முன் மட்கார்டு. எல்லாம் ஸ்பேனரால் மாட்டி ஸ்பேனராலேயே கழற்றக்கூடியவை. பெட்ரோல் டேங்கின் தங்கக் கோட்டுக்கு மேல் வேறு வண்ணம் அடிப்பதா என்பதில் மட்டும் மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை.

இரும்பு பேரல்:
அந்த உயர்த்திய மட்கார்டை இப்போதும் நான் ஏற்கவில்லை; சேறு நேராக டூமின் மேல் தெறிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் மேல் வண்ணம் அடிப்பதாக இருந்தால், அடிக்கும் முன் எனக்கு ஒரு தனிச் செய்தி அனுப்புங்கள். பழைய, ஒடுங்கிய டேங்க் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. அதன் ஒடுக்கை எடுத்து உங்கள் விருப்பம் போல் வண்ணம் அடித்துக்கொள்ளலாம். உங்கள் தந்தையாரின் டேங்கை உள்ளே எண்ணெய் சுழற்றி, மூடியை இறுக்கி, அப்படியே வையுங்கள்.

நீலமலை:
ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. மட்கார்டு பற்றிய வழக்கை அங்கேயே தொடரலாம்.