கரடிக்கு எண்ணெய் கிடையாது: மேல் லைன் வாட்ஸ்அப் குழு

*குழு: மேல் லைன், கோத்தகிரி (14 வீடு)*

வெள்ளிக்கிழமை

செல்வி அக்கா, காலை 6:20
எல்லாரும் எழுந்தாச்சா? ராத்திரி முக்குக் கோயிலுக்குக் கரடி வந்துவிட்டுப் போயிருக்கிறது. விளக்கு கீழே கிடக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை நக்கித் துடைத்து வைத்திருக்கிறது. நான் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அவ்வளவு பளபளப்பு வராது.

போஜன் மாமா, 6:31
நானும் பார்த்தேன். கம்பிக் கதவில் கறுப்பு முடி ஒரு கொத்து மாட்டியிருக்கிறது. குட்டியோடு வந்த தடம். இருட்டில் யாரும் தனியாகப் படி இறங்க வேண்டாம்.

பாத்திமா அக்கா, 6:40
போன மாசம் என் கடையில் பாமாயில் டின்னைக் கடித்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பல் போன இடம் இன்னும் இருக்கிறது.

செல்வி அக்கா, 6:44
புதன்கிழமை கார்த்திகை தீபம். வீட்டுக்கு 27 அகல் என்று வைத்தால், ஏற்றுகிற பத்து வீட்டுக்கு 270 அகல். அத்தனையும் நல்லெண்ணெய். கரடிக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரிதான்.

ரேவதி, 7:02
செல்விக்கா, அதை யோசித்துத்தான் நான் ஒன்று செய்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. சோலார் தீப்பந்த விளக்கு எட்டு வாங்கியிருக்கிறேன். நேற்று பார்சல் வந்தது.

ரேவதி, 7:02
படம்

செல்வி அக்கா, 7:05
இது என்ன, சாமி ஊர்வலத்துப் பந்தம் மாதிரி இருக்கிறதே

ரேவதி, 7:08
அதேதான் அக்கா. ஆனால் நெருப்பு கிடையாது. மண்ணில் குத்தி வைத்தால் போதும், இடுப்பு உயரம் வரும். தலையில் வட்டமாகச் சோலார் தகடு. இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். நேற்று வீட்டுக்குள் லைட்டை அணைத்துவிட்டு எரிய வைத்தேன். சுவரில் நிழல் ஆடுகிறது, நிஜத் தீ மாதிரியே. பூனை அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

நிஷாந்த், 7:15
அம்மா, உள்ளே நெருப்பும் இல்லை, சுற்றுகிற மோட்டாரும் இல்லை. வளைகிற சர்க்யூட் பட்டையைக் குழாய் மாதிரி சுருட்டி, வரிசை வரிசையாக 96 எல்இடி வைத்திருப்பார்கள். கீழ் வரிசை விடாமல் எரியும், மேல் வரிசைகள் மாறி மாறி அணைந்து எரியும். ஒரு சின்ன சிப் அதைப் பார்த்துக்கொள்கிறது. கண்தான் ஏமாறுகிறது.

செல்வி அக்கா, 7:16
நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இந்நேரத்துக்கு எழுந்திருப்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றாகத் தெரிகிறது

ரேவதி, 7:30
பாட்டிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்: “சுடாத நெருப்பு என்ன நெருப்பு? திரி போட முடியாது, எண்ணெய் விட முடியாது, அதில் ஒரு சூடம் பற்ற வைக்க முடியுமா? பொம்மையைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது?”

போஜன் மாமா, 7:41
பாட்டி சொல்வது சரி. ஆனால் கும்பிடுகிற விளக்கு வேறு, வழிக்கு விளக்கு வேறு. அகலை வீட்டுக்குள் கண்ணாடி ஜன்னலை ஒட்டி வைத்து ஏற்றட்டும். வாசலுக்கும் படிக்கும் இதை வைப்போம். வனத்துறைக்காரர்களும் அதைத்தானே சொல்கிறார்கள், எண்ணெய், பழம், சமையல் கழிவு எதுவும் இரவில் வெளியே இருக்கக் கூடாது என்று.

ரேவதி, 7:43
சரி மாமா. இன்றைக்கே எட்டையும் குத்திவிடுகிறேன். ஹைட்ரான்ஜியா பாத்தியில் நான்கு, படியோரம் இரண்டு. இரண்டு பாத்திமாக்கா வீட்டுக்கு, கடை முன்னால்.

ரேவதி, இரவு 7:04
அணைந்துவிட்டது

செல்வி அக்கா, 7:05
எது?

ரேவதி, 7:06
எல்லாம். 6:20-க்கு எரிந்தது, பார்க்க அவ்வளவு அழகு. குழந்தைகள் கை தட்டினார்கள். நாற்பது நிமிஷம். அவ்வளவுதான். பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது.

போஜன் மாமா, 7:12
இன்று வெயில் எங்கே அடித்தது? காலையிலிருந்து மிஸ்ட். எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. சோலார் என்று பெயர் வைத்துவிட்டால் சூரியன் வந்துவிடுமா 😄

சனிக்கிழமை

வயர்மேன் குமார், காலை 11:50
ரேவதிக்கா வீட்டில் இருக்கிறேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். விளக்கில் கோளாறு எதுவும் இல்லை. கணக்கு இதுதான்.

காலை 9 மணி வெயிலில் தகடு 180 மில்லி ஆம்பியர் தந்தது. இப்போது மிஸ்ட் மூடியதும் 22. எரியும்போது விளக்கு 200 இழுக்கிறது. நேற்று நாள் முழுக்க 22 என்றால், எட்டு மணி நேரத்தில் பேட்டரியில் சேர்ந்தது 176 மில்லி ஆம்பியர்-மணி. அதை வைத்து ஒரு மணி நேரம்கூட எரியாது. நாற்பது நிமிஷம் வந்ததே பெரிசு.

ரேவதி, 11:53
அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய்யா குமார்?

வயர்மேன் குமார், 11:58
பொய் என்று சொல்ல முடியாதுக்கா. உள்ளே இருக்கும் பேட்டரி 2200 வரை கொள்ளும். அது நிறைந்தால் பத்து மணி நேரம் வரும். நிறைய வேண்டுமே. சமவெளியில் நாள் முழுக்க வெயில் அடிக்கிற ஊருக்குப் போட்ட கணக்கு அது. ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிக்கு அது பொருந்தாது.

நிஷாந்த், பகல் 12:10
தகட்டைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறோம். அதனால் 11 டிகிரி சாய்வு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது அல்லவா, 530 மீட்டர் நீளம், அதையும் இதே கணக்கில்தான் கட்டினார்கள். 11 டிகிரி சரிவு உள்ள மலையாகத் தேடிப்பிடித்து, வடக்கு தெற்காகப் படுக்க வைத்தார்கள். அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிட்டது. 1970-இலிருந்து வேலை செய்கிறது.

செல்வி அக்கா, 12:12
அந்தத் தொலைநோக்கியில் பார்த்தால் உன் அரியர் பேப்பர் தெரியுமா கண்ணு

நிஷாந்த், 12:12
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

போஜன் மாமா, 12:25
படித்த பிள்ளை சொல்வது சரிதான், ஆனால் அது நாள் முழுக்க வெயில் இருக்கும் ஊருக்கு. இங்கே இந்த மாசத்தில் சூரியன் காலையில் தோட்டத்து மேல் ஏறி வந்தால் பதினொரு மணி வரை. அப்புறம் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிடும். நாற்பது வருஷமாக இலை பறித்துப் பார்க்கிறேன். கிடைக்கிற நாலு மணி நேரம் கிழக்கு வெயில்தான். தகட்டைக் கிழக்கே காட்டு. தெற்கே காட்டினால் மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வயர்மேன் குமார், 12:31
மாமா சொன்னதும் மீட்டர் வைத்துப் பார்த்த எனக்கு வெட்கமாகிவிட்டது. ரேவதிக்கா பாத்தி வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. சில்வர் ஓக் நிழல் வேறு. காலை வெயில் அங்கே பத்து மணிக்குத்தான் விழுகிறது. ஆறையும் படியோரத்துக்கு மாற்றுகிறேன், குச்சியைக் கொஞ்சம் தென்கிழக்கே சாய்த்து. இரண்டு பேர் சொன்னதும் ஆச்சு.

ரேவதி, 12:40
நாலு மணி நேரம் 180 என்றால் 720. மூன்றரை மணி நேரம் எரியும். கார்த்திகைக்கு அது போதுமா?

வயர்மேன் குமார், 12:46
ஒரு வழி இருக்கிறது. தலையைத் திருகிக் கழற்றினால் அடியில் சின்ன சுவிட்ச். அதை ஆஃப் பண்ணி வையுங்கள். இந்த மாடலில் ஆஃபில் இருந்தாலும் சார்ஜ் ஏறும், மீட்டரில் பார்த்துவிட்டேன். சிலதில் ஏறாது. செவ்வாய் வரை எரியவிடாமல் சேர்த்தால் புதன்கிழமை ராத்திரி முழுக்க எரியும். உண்டியல் மாதிரி.

வயர்மேன் குமார், 12:48
காலையில் தகட்டின் மேல் பனித்தண்ணி நிற்கும், துணியால் துடைத்துவிடுங்கள். பேட்டரி முனையில் துளி வாஸ்லின் தடவியிருக்கிறேன். இந்த ஊர் ஈரத்துக்கு ஒரே மாசத்தில் பச்சை பூத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

பாத்திமா அக்கா, இரவு 7:30
ரேவதி, தப்பாக நினைக்காதே. எனக்குக் கொடுத்த இரண்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு நாள்கூட எரியவில்லை. சுவிட்ச் ஆனில்தான் இருக்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் போல. திருப்பி அனுப்ப முடியுமா?

ரேவதி, 7:34
ஐயோ அக்கா, குமாரை வந்து பார்க்கச் சொல்கிறேன்.

வயர்மேன் குமார், 8:15
குன்னூரில் ஒரு கல்யாண வீட்டு வேலை. செவ்வாய்க்கிழமைதான் மேலே வருவேன்.

செல்வி அக்கா, 8:20
அது இருக்கட்டும். பொரி உருண்டைக்கு வெல்லம் யார் வாங்குகிறீர்கள்? போன தடவை பாகு முற்றிப் பாறையாகிவிட்டது. பாட்டி இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

*(இதற்குப் பிறகு 41 செய்திகள், அத்தனையும் பாகுப் பதம் பற்றி. பாத்திமா அக்காவின் விளக்கை எல்லாரும் மறந்துபோனார்கள். குமார் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.)*

புதன்கிழமை

ரேவதி, மாலை 5:48
சுவிட்சை ஆன் பண்ணிவிட்டேன். பாட்டி ஜன்னல் பலகையில் 27 அகலும் அடுக்கியாச்சு. திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன், தீப்பிடிக்குமோ என்று பயம்.

ரேவதி, 6:22
படம்

செல்வி அக்கா, 6:24
அடி ஆத்தீ. படி பூராவும் பந்தம் பிடித்த மாதிரி இருக்கிறதே! ஈரக் கல்லில் வெளிச்சம் ஓடுகிறது பார்

போஜன் மாமா, 6:30
மிஸ்டுக்குள் இன்னும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வட்டம். வெள்ளை லைட் போட்டிருந்தால் விட்டில் மொய்த்திருக்கும், இதற்கு அவ்வளவாக வரவில்லை.

செல்வி அக்கா, 6:51
கரண்ட் போச்சு

ரேவதி, 6:52
இங்கேயும். தெரு முழுக்க இருட்டு. படி மட்டும் தெரிகிறது 🙏

பாத்திமா அக்கா, 6:53
ரேவதி!! என் வீட்டு இரண்டும் எரிகிறது!! கரண்ட் போனதும் தானாகப் பற்றிக்கொண்டது! நான் கரண்ட் விளக்கு எரிகிறதோ என்று பயந்துவிட்டேன்

வயர்மேன் குமார், 6:58
பாத்திமாக்கா, அதை எங்கே குத்தி வைத்தீர்கள்? தெரு விளக்குக் கம்பத்துக்குக் கீழேயா?

பாத்திமா அக்கா, 6:59
ஆமாம், கடைக்கு முன்னால் கம்பத்தை ஒட்டி

வயர்மேன் குமார், 7:03
அடக் கடவுளே. அந்தத் தகடுதான் அதற்குக் கண். வெளிச்சம் பட்டால் தகட்டில் வோல்ட் இருக்கும், வோல்ட் இருந்தால் பகல் என்று நினைத்துக்கொள்ளும். ஐந்து நாளாகத் தெரு விளக்கைச் சூரியன் என்று நம்பி நின்றிருக்கிறது. இப்போது அது அணைந்ததும் அதற்கு ராத்திரி வந்துவிட்டது. கடைக்காரனைத் திட்டியதை வாபஸ் வாங்குங்கள்.

பாத்திமா அக்கா, 7:05
வாங்கிவிட்டேன் 😂 ஐந்து நாள் சேர்ந்த சார்ஜ், விடிய விடிய எரியும் இல்லையா?

வயர்மேன் குமார், 7:06
கரண்ட் வரும் வரை எரியும்!

ரேவதி, 8:10
பாட்டி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அகலின் பிம்பம் கண்ணாடியில், அதற்குப் பின்னால் வெளியே இந்த விளக்குகள். “எது நிஜம் என்று தெரியவில்லை, சரி, இருக்கட்டும்” என்கிறார்.

போஜன் மாமா, 8:22
ரேவதி, மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி போகிற சொந்தக்காரர்கள் வீட்டில் தங்குவார்கள். நாலு விளக்கு கொடுத்து உதவு அம்மா. வயசானவர்கள், இந்தப் படியில் கால் இடறுகிறது.

ரேவதி, 8:23
எட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் மாமா.

செல்வி அக்கா, இரவு 11:38
யாரும் கதவைத் திறக்காதீர்கள். படியில் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். குட்டியும் கூட.

நிஷாந்த், 11:39
நெருப்பு என்று பயந்து ஓடிவிடும் பாருங்கள்

போஜன் மாமா, 11:41
ஓடாது தம்பி. கரடிக்குக் கண் மட்டு, மூக்குதான் எல்லாம். சூடு இல்லை, புகை வாசனை இல்லை. அதற்கு அது ஒரு குச்சி.

செல்வி அக்கா, 11:44
மாமா சொன்னதேதான். ஒரு விளக்கை மோந்து பார்த்தது, கையால் ஒரு தட்டு, சாய்த்துவிட்டு மேலே போகிறது. கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுத் திண்ணையில் ஏதோ சத்தம்

செல்வி அக்கா, 11:45
ஐயோ

வியாழக்கிழமை

ரேவதி, காலை 6:35
செல்விக்கா, எல்லாரும் நலமா? என்ன ஆச்சு?

செல்வி அக்கா, 6:41
நாங்கள் நலம். எண்ணெய் பூராவும் உள்ளே எடுத்து வைத்தேன். ஆற வைத்த பொரி உருண்டைத் தட்டைத் திண்ணையிலேயே மறந்துவிட்டேன். நாற்பது உருண்டை. ஒன்று மிச்சமில்லை.

போஜன் மாமா, 6:44
வெல்ல வாசனை. பாகு இந்தத் தடவை நல்ல பதம் போல.

வயர்மேன் குமார், 7:10
சாய்ந்த விளக்கைப் பார்த்தேன், இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. குச்சி வளைந்து மேற்கே பார்க்கிறது. மதியம் வந்து நிமிர்த்துகிறேன். பாத்திமாக்கா விளக்கையும் கம்பத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

செல்வி அக்கா, 7:12
குமார் தம்பி, வருகிற வழியில் தேயிலைச் செடிக்குள் ஒரு எவர்சில்வர் தட்டு கிடக்கிறதா பார். அடியில் என் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது.