எரிகோ மதில், தாவீதின் பெயர்: அகழாய்வு எதுவரை பேசும்?

வேதவாசகன் (கேள்வி):
தொல்லியல் பழைய ஏற்பாட்டை நிரூபித்துவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எரிகோவே பொய் என்று இன்னொரு சாரார். ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிச் செய்தி வந்தால் அதை எப்படி எடைபோடுவது?

மண்ணடுக்கு:
யோசுவாவின் படை சுற்றிவந்தபோது எரிகோவின் மதில் விழுந்தது என்கிறது பழைய ஏற்பாடு. அங்கே மதில் இருக்கிறது, இடிந்தும் கிடக்கிறது. சிக்கல் அதன் காலத்தில்தான். 1930களில் தோண்டிய தொல்லியலாளர் கார்ஸ்டாங், அது கி.மு. 1400 வாக்கில் யோசுவா காலத்தில் விழுந்தது என்றார். 1952 முதல் 1958 வரை இன்னொரு தொல்லியலாளர் கென்யன் ஆழமான குழி வெட்டி, வெட்டுமுகத்தில் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த மதில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது என்று தெரிந்தது.

சுவரின் காலத்தைக் கல்லோ செங்கல்லோ சொல்லாது. அடித்தளம் போட வெட்டிய பள்ளத்துக்குள் கிடக்கும் பானை ஓடுகளில் மிகப் பிந்தியது எதுவோ, சுவர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. சுவரில் வந்து முட்டும் தரை, சுவர் எழுந்த பிறகு போட்டது. பின்னால் யாரோ தோண்டிய குப்பைக்குழியைக் கவனிக்காமல் விட்டால், மேலடுக்கு ஓடு கீழடுக்கில் கலந்து கணக்கே புரண்டுவிடும். காலம் கணிக்கும் கார்பன் சோதனைக்குக் கூரையின் உத்தர மரத்தைவிட ஒலிவக் கொட்டையோ தானியமோ நல்லது. மரம் வெட்டுவதற்கு முன்பே பல ஆண்டு வளர்ந்திருக்கும், பழைய வீட்டிலிருந்து பிடுங்கி மறுபடி போட்டதாகவும் இருக்கலாம். ஆனால் கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவீட்டு வளைகோடு கி.மு. 800–400 இடையே ஏறக்குறைய தட்டையாக ஓடுகிறது, அதாவது வெவ்வேறு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே அளவு வரும். யூதாவின் அரசன் யோசியா காலத்துத் தானியத்தையும் அதற்குப் பின் வந்த பாபிலோன் சிறையிருப்புக் காலத்துத் தானியத்தையும் கார்பனை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம்.

கல்வெட்டு:
எழுத்து கிடைத்தால் நிலைமை மாறும். அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் மேல் கி.மு. 701இல் நடத்திய படையெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யூதாவின் அரசன் எசேக்கியா கட்டிய கப்பம் 2 இராஜாக்கள் 18:14இன்படி 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். சனகெரிப்பின் பட்டயத்திலும் பொன் 30தான், வெள்ளி மட்டும் 800. எருசலேமைப் பிடித்ததாக அவனும் சொல்லவில்லை. யூதாவின் நகரமான லாகீசில் அசீரியர் போட்ட முற்றுகை மேடு இன்றும் நிற்கிறது. ஆனால் 2 இராஜாக்கள் 19:35இல் அசீரியப் படையை அழிக்கும் தூதனைப் பற்றி மண்வெட்டியிடம் கேட்டுப் பயனில்லை.

1993இல் இஸ்ரேலின் வடக்கே தேல் தானில் கிடைத்த அரமேயக் கல்லும் அப்படித்தான். அதில் உள்ள 'பெய்த் தாவீது' ஆறே எழுத்து. மற்றச் சொற்களைப் பிரிக்கும் புள்ளி அந்த இரண்டுக்கும் நடுவில் இல்லை, சர்ச்சை அதனால்தான் வந்தது. 'தாவீதின் வீடு' என்பதே வலுவான வாசிப்பு. கி.மு. 9ஆம் நூற்றாண்டிலேயே அண்டை அரசன் யூதாவின் அரச குலத்தை அந்தப் பெயரால் அறிந்திருந்தான் என்பது அதிலிருந்து கிடைக்கிறது. கோலியாத் கதைக்கு அது சாட்சி ஆகாது.

சுவடி:
எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள். சவக்கடல் சுருள்கள் என்ற பழைய யூதச் சுவடிகளின் துண்டுகள் என்று சொல்லிச் சந்தையில் விற்றவற்றில் பல போலி. பழைய தோலின் விரிசலுக்குள் மை வழிந்திருந்ததே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. விரிசல் விட்ட பிறகுதானே எழுதியிருக்கிறார்கள்! 1979இல் எருசலேமின் கேதேப் இன்னோம் கல்லறையில் கிடைத்த வெள்ளிச் சுருள்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. எண்ணாகமம் 6இன் ஆசீர்வாத வரிகள் அவற்றில் உள்ளன. முழு எண்ணாகமமும் அப்போது இருந்தது என்பதற்கு அது போதாது.

வேதவாசகன்:
நன்றி. ஒன்றுமே கிடைக்காவிட்டால் நடக்கவில்லை என்று சொல்லலாமா?

மண்ணடுக்கு:
தடம் விட்டிருக்க வேண்டிய விஷயமா என்று பாருங்கள். கூடாரவாசிகள் அதிகம் விட்டுப்போவதில்லை. நகரம் கட்டாயம் விடும். ஆயி என்று கருதப்படும் எத்-தெல் மேடு கி.மு. 2400 முதல் ஏறத்தாழ 1200 வரை வெறிச்சோடிக் கிடந்தது. ஆயியை யோசுவா பிடித்து எரித்ததாகச் சொல்லும் யோசுவா 8க்கு இது உண்மையான நெருக்கடி. அந்த மேடுதான் ஆயியா என்பதையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஊர்ப்பெயர் பொறித்த கல் எதுவும் கிடைக்கவில்லை.