முதல் தேன்பெட்டி: கூட்டம் ஓடாமல் இருக்க என்ன செய்யணும்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 10 சென்ட் தோட்டம், தென்னையும் முருங்கையும் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள். இந்தியத் தேனீ ஒரு பெட்டி வைக்கலாமா? எறும்பு ஏறினால் கூட்டமே போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும்தான். ஸ்டாண்டின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்க. தண்ணீர் வற்றினாலோ ஒரு புல் பெட்டியில் சாய்ந்தாலோ போதும், எறும்புக்குப் பாலம் ரெடி. பெட்டி வாசல் பிள்ளைகள் நடக்கும் வழியைப் பார்க்க வேண்டாம். ஒன்றல்ல, இரண்டாக வாங்குங்க. ஒன்றில் ராணி செத்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடையை (தேனீ கட்டும் மெழுகுத் தட்டு) கொடுத்துக் காப்பாற்றலாம், அந்த முட்டையிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.

பதில்: ரப்பர் மரம் துளிர்க்கும் மாதங்களில் கவலையில்லை, துளிரிலேயே தேன் கிடைக்கும். கூட்டம் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் மழைக்காலப் பட்டினியில்தான். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு காய்ச்சி ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி உள்ளே வையுங்க. மேலே நாலு குச்சி மிதக்கணும், இல்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும். அந்தி சாய்ந்த பிறகு கொடுங்க. பகலில் கொடுத்தால் அயல்கூட்டம் கொள்ளையடிக்க வரும்.

பதில்: கறுத்த, தேனீ மொய்க்காத அடையை உடனே வெட்டி எடுங்க, மெழுகுப்பூச்சி அதில்தான் முட்டையிடும். தேன் மேலறையில் (பெட்டியின் மேல் அடுக்கு) மட்டும் எடுங்க, அதுவும் அடையில் முக்கால்வாசியைத் தேனீ மெழுகால் மூடிய பிறகு. மூடாத தேன் புளிச்சுப் போகும்.