டாக்கரில் ஜூப்பிட்டர்: 'அலவ்-ரூட்' போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

சர்வர்_சாமி: பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கை, புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரில் போடும்போது பெர்மிஷன் தகராறு வந்தால் "அலவ்-ரூட் போடு, வேலை முடிந்தது, யார் ஓட்டினாலும் ஒரே முடிவு வரும்" என்று ஒருவர் இங்கே ஒரு கமாண்டும் கொடுத்துப் பாடம் எடுத்திருக்கிறார். அதாவது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராகவே ஜூப்பிட்டரை ஓட விடுவது. அதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, தொல்லை அங்கேதான் தொடங்கும். மெஷினிலிருந்து டாக்கருக்குள் மவுன்ட் செய்த (இணைத்துவிட்ட) ஃபோல்டரில் நோட்புக் எழுதும் ஒவ்வொரு ஃபைலும் வெளியே ரூட் பெயரில் நிற்கும். பொது சர்வரில் மறுநாள் மாணவர் வந்து திருத்தப் பார்த்தால் "பெர்மிஷன் டினைட்". அப்புறம் போன் எனக்குத்தான் வரும்.

நோட்புக்_நாயகன்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், புதுசா என்ன? ஜூப்பிட்டரின் அதிகாரப்பூர்வ இமேஜில் (டாக்கர் ஓட்டும் ரெடிமேட் பொதி) ஜோவியன் என்ற யூசருக்கு யூஐடி, அதாவது யூசர் எண், 1000. எங்கள் லினக்ஸ் மெஷினில் எனக்கு 1003. சேமிக்கவே விடவில்லை. ரூட் போட்டேன், ஓடியது. உங்கள் மருந்து என்ன?

சர்வர்_சாமி: டாக்குமென்டேஷனைப் படிப்பதுதான் மருந்து. 'யூசர் ரூட்' கொடுத்து, கூடவே எந்த யூசர் எண்ணில் ஓட வேண்டும் என்பதை என்பி_யூஐடி=1003 என்று சொல்லுங்கள்.

நோட்புக்_நாயகன்: ஆஹா! நீங்களும் ரூட்தானே போடுகிறீர்கள்! உபதேசம் ஊருக்கு மட்டும்தானா?

சர்வர்_சாமி: அது வேறு, இது வேறு. ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் மட்டும் ரூட்டாக எழுந்து, ஜோவியனின் யூஐடியை மாற்றிவிட்டு, அந்த 1003 ஆக இறங்கித்தான் ஜூப்பிட்டரை ஓட்டும். உங்கள் வழியில், நோட்புக்கின் கோடை ஓட்டும் கெர்னலே ரூட். ஒரு செல்லில் ஆச்சரியக்குறி போட்டு 'ஹூஆம்ஐ' (எந்த யூசர் என்று காட்டும் கமாண்ட்) என்று தட்டிப் பாருங்கள், தெரியும்.

மேக்_மைந்தன்: என் மேக்கில் இப்படி எதுவும் வந்ததே இல்லையே?

சர்வர்_சாமி: அங்கே டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் விஎம்முக்குள் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) ஓடுகிறது. எழுதும் ஃபைல் மேக்கில் உங்கள் பெயரிலேயே விழும். அதை வைத்து லினக்ஸ் சர்வருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மேக்_மைந்தன்: நான் கேள்விதானே கேட்டேன்? மேக் என்றாலே உங்களுக்கு ஏன் இப்படி எரிகிறது?

கோண்டா_கோவிந்தன்: ஜிபி கணக்கில் இமேஜை இழுத்து வைத்துக்கொண்டு இத்தனை சண்டையா? டாக்கரே இல்லாமல் பேக்கேஜ்களை நிறுவித் தரும் கோண்டாவில் ஒரு என்விரான்மென்ட் போட்டால்...

சர்வர்_சாமி: ஆரம்பித்துவிட்டார்.

நோட்புக்_நாயகன்: அவரை விடுங்கள். டாக்கரை ஓட்ட அனுமதி உள்ள 'டாக்கர்' குரூப்பில் இருப்பவனுக்கு ரூட் அதிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிற மாதிரிதான். அப்படியிருக்க, உள்ளே ரூட்டாக ஓடினால் என்ன?

சர்வர்_சாமி: வீட்டுச் சாவி கையில் இருக்கிறது என்று கதவையே கழற்றி வைப்பீர்களா? குரூப்பில் இருப்பது நீங்கள். நோட்புக்கில் ஓடுவது எங்கிருந்தோ இறக்கிய கோட். இன்னொன்று, நீங்கள் கொடுத்த கமாண்டில் இன்னும் டாக்கர் ஹப் (இமேஜ்களை வைத்திருக்கும் தளம்) இமேஜ்தான் இருக்கிறது. 2023 அக்டோபரிலேயே ஜூப்பிட்டர் இமேஜ்காரர்கள் க்வே.ஐஓ என்ற இன்னொரு தளத்துக்கு மாறியாகிவிட்டது. ஹப்பில் இருப்பது பழைய சரக்கு. அதிலும் குறிப்பிட்ட பதிப்பைச் சொல்லாத 'லேட்டஸ்ட்' டேக்! அதைப் போட்டுவிட்டு "யார் ஓட்டினாலும் ஒரே முடிவு வரும்" என்று பெருமை வேறு.

நோட்புக்_நாயகன்: பேச்சை மாற்றாதீர்கள். நீங்கள் ரூட் போட்டீர்களா, இல்லையா?

சர்வர்_சாமி: தொடக்கத்துக்கு மட்டும்!

நோட்புக்_நாயகன்: போட்டீர்கள். சரி, அவ்வளவுதான்.

சர்வர்_சாமி: மேலே எழுதியதைப் படிக்கிற வழக்கமே கிடையாதா உங்களுக்கு?

கோண்டா_கோவிந்தன்: கோண்டாவுக்கு ரூட்டே வேண்டாம். சும்மா சொன்னேன்.